ஒன்பதாவது இலக்கம்

ஜனவரி 9, 2019

மங்கை வந்து சேர்ந்தாள். அவள் மகன் பரிதியும் கார் டிரைவரும் நாற்காலியோடு தூக்கி வாசற்படி ஏற்றினார்கள். முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டு வைத்திருந்தேன். படுக்க வைத்ததும் மேலே ஓடாத மின்விசிறியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்த பார்வைதான். ஆனால் வாய் திறக்கவில்லை.

டிசம்பர் ஆரம்பத்தில் கும்பகோணம் வீட்டில் விழுந்திருக்கிறாள். பக்கவாதம். வலது கை சுத்தமாக வரவில்லை, வலது கால் கொஞ்சம். பேச்சு போய்விட்டது. "ஆமா", "வேணாம்", "அது" இந்த மூன்று மட்டும் வருகிறது. அதுவும் சில சமயம் மாறி வருகிறது. அவள் கணவர் இறந்து மூன்று வருஷமாகிறது. பரிதிக்கு வேலை, குடும்பம் எல்லாம் மெல்போர்னில். லீவு தீர்ந்துவிட்டது. கோயம்புத்தூரில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்தில் பணம் கட்டியிருக்கிறான். இடம் ஏப்ரலில்தான் காலியாகுமாம். ஆஸ்பத்திரியில் அவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அதுவரை நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்ததுதான். திரும்ப வாங்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. தனியாக இருந்து பழகிவிட்ட எனக்கு இது தொந்தரவாகத்தான் இருக்கும். மூன்று மாதம்தானே.

ஜனவரி 11

இரவெல்லாம் இருமினாள். வெந்நீர் ஸ்பூனில் கொடுத்தேன். பாதி கழுத்தில் வழிந்தது. தண்ணீரைக் கொஞ்சம் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டுமாம், ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருக்கிறது. நான்தான் சரியாகப் படிக்கவில்லை.

ஜனவரி 15

பொங்கல். எங்கள் வீட்டில் வைக்கும் வழக்கமில்லை, ஆனால் அவளுக்காகக் குக்கரில் கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். மூன்று வாய் சாப்பிட்டாள். நான்காவதற்கு "ஆமா" என்று சொல்லிக்கொண்டே தலையை ஆட்டி மறுத்தாள். வேலைக்கு வரும் ராக்கம்மா சிரித்துவிட்டாள். மங்கைக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ராக்கம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினேன். பாவம், அவள் ஒன்றும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை.

ஜனவரி 18

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் இன்று முதல் முறை வந்தாள். பெயர் ரெஹானா. சின்னப் பெண், ஆனால் அவசரமே படாதவள். டம்ளரைக் காட்டினாள், சீப்பைக் காட்டினாள். மங்கையால் எதற்கும் பெயர் சொல்ல முடியவில்லை. வாய் கோணி, முகம் சிவந்து, கடைசியில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரெஹானா அதைக் கண்டுகொள்ளாதவள் போலத் தனக்குத் தானே "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ண ஆரம்பித்தாள். மூன்றில் அவள் நிறுத்த, சுவரைப் பார்த்தபடியே மங்கை "நாலு" என்றாள். பிறகு பத்து வரைக்கும் தடங்கலில்லாமல் போனாள்.

பேச்சு போனவர்களுக்கும் சில சமயம் எண்ணிக்கை, பாட்டு, ஜெபம் எல்லாம் தங்கியிருக்கும், அவை மூளையில் வேறு வழியாக வருகின்றன என்றாள் ரெஹானா. அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதை இழுக்க வேண்டுமாம்.

ஜனவரி 24

காலையில் கொல்லைப்புறத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ராக்கம்மா வந்து, "டீச்சரம்மா, அந்தம்மா யாருக்கோ போன் போடச் சொல்றாங்க. நம்பர் சொல்றாங்க" என்றாள். கையைக்கூடத் துடைக்காமல் உள்ளே போனேன்.

மங்கை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏழு. மூணு. ஒம்பது. மூணு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஒம்பது. ஒண்ணு. மூணு. மூணு."

அது போன் நம்பர் இல்லை என்று ராக்கம்மாவிடம் சொன்னேன். வேறு என்ன என்று சொல்ல வரவில்லை. திரும்பிப் போய் மிச்ச மீனைக் கழுவினேன்.

இரவு

தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. முப்பத்தெட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது அந்த எண்ணை நான் வாய்விட்டுச் சொல்லி.

1980 கோடை. எம்.எஸ்ஸி. முதல் வருஷப் பரீட்சை முடிந்து ஹாஸ்டல் காலியாகிக்கொண்டிருந்தது. நானும் மங்கையும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மோர் குடித்துக்கொண்டு நின்றோம். எதிரே நின்ற பஸ்ஸின் எண் 7393. மங்கை டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடிப் போய்க் கடைசி மூன்றைக் கையால் மறைத்தாள். "இப்ப 739. பகா எண்ணா இல்லையா?" ஆமாம், ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத எண்தான். ஒன்பதையும் மறைத்தாள். 73. அதுவும் அப்படித்தான். மூன்றையும் மறைத்தாள். 7. கண்டக்டர் அவளை விரட்டினார். ஓடி வந்தவள், "பிலோ, வலது பக்கமிருந்து எத்தனை உதிர்த்தாலும் மிஞ்சறது பகா எண்ணாவே இருக்குடி. இதை இன்னும் எவ்வளவு நீளமா வளர்க்கலாம்?" என்று கேட்டாள்.

அவள் ஊருக்குப் போகவில்லை. ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று அப்பாவுக்குப் பொய் சொன்னாள். எனக்குப் போக அவசரமான வீடு எதுவும் இல்லை. வார்டன் சிஸ்டர் எங்களுக்கு மாடியில் ஒரு அறையை விட்டுக் கொடுத்தார். மெஸ் மூடிவிட்டது. ரொட்டியும் மாம்பழமும்தான் சாப்பாடு.

7393-க்குப் பின்னால் ஒன்பது போட்டோம், பகா எண்ணாகவே நின்றது. பிறகு ஒன்று, பிறகு மூன்று. எட்டாவது இலக்கமாக இன்னொரு மூன்று போட்டபோதுதான் மலைப்பாக இருந்தது. அவ்வளவு பெரிய எண் பகா எண்தான் என்று நிச்சயமாகச் சொல்ல, அதன் வர்க்கமூலம் வரைக்கும் உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். கடைசியாக வரவேண்டியது 8597. ஆயிரத்துக்குச் சற்று மேல் வகுத்தல்கள். கால்குலேட்டர் எங்கள் துறைத் தலைவர் மேஜையில் மட்டும்தான் இருந்தது, அதையும் துணி போர்த்தி வைத்திருப்பார்.

பங்கு பிரித்துக்கொண்டோம். ஒன்றிலும் மூன்றிலும் முடிகிற பகா எண்கள் அவளுக்கு. ஏழிலும் ஒன்பதிலும் முடிகிறவை எனக்கு. தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு வகுப்போம். சாயந்திரம் மொட்டை மாடியில் ஈரத் துணியை விரித்துப் படுப்போம். மலைக்கோட்டை விளக்கு தெரியும். அவள் மனக்கணக்காகவே இன்னும் நாலைந்து வகுத்துச் சொல்லுவாள். நான் பாதியில் தூங்கிவிடுவேன். எழுப்பி, "மீதி என்ன சொன்னேன்?" என்று கேட்பாள்.

கடைசி எண்ணும் வகுக்கவில்லை என்று தெரிந்த மத்தியானம் அவள் என்னைத் தூக்கிச் சுற்றினாள். நான் அவளைவிடக் கனம். இரண்டு பேரும் விழுந்தோம்.

அன்றைக்கே ஒன்பதாவது இலக்கத்துக்குப் போனோம். இரட்டை எண்ணும் ஐந்தும் போட முடியாது. ஒன்றோ ஏழோ போட்டால் மூன்றால் வகுபடும். மூன்று போட்டுப் பார்த்தோம். இருட்டுவதற்குள் மங்கை அதை 127-ஆல் வகுத்துத் தள்ளிவிட்டாள். மீதியிருந்தது ஒன்பது ஒன்றுதான். 739391339. அதை நாளைக்கு ஆரம்பிப்போம் என்று படுத்தோம்.

மறுநாள் காலை அவள் அப்பா வந்தார். நல்ல இடம் வந்திருக்கிறது, கும்பகோணத்தில் அரிசி ஆலை வைத்திருக்கிற குடும்பம் என்றார். ஆவணியில் கல்யாணம். இரண்டாம் வருஷம் வகுப்பில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

ஜனவரி 25

நேற்று எழுதியது ரொம்ப நீளம். கரண்ட் பில் கட்ட வேண்டும்.

ஜனவரி 29

ரெஹானாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குக் கணக்கு வராதாம், ஆனால் கடைசி வரை கேட்டாள். எண் முழுவதையும் எழுதி, ஒவ்வொன்றாக அழித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். மங்கை கட்டிலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். 7 மட்டும் மிஞ்சியபோது இடது பக்க உதடு மட்டும் சிரித்தது. வந்ததிலிருந்து முதல் தடவை.

மீதி இருக்கிற அந்த ஒன்பதைப் போனில் போட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடுமே என்றாள் ரெஹானா. தெரியும். இத்தனை வருஷமாக எத்தனையோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே அதில் பகா எண் தேடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இதை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. ஏன் என்று அவள் கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

பிப்ரவரி 2

மெயின்கார்ட்கேட்டில் ஒரு வெள்ளைப் பலகையும் இரண்டு பேனாவும் வாங்கினேன். கூடவே முதியவர்கள் பிடித்து நடக்கும் நாலு கால் கம்பி. வரும் வழியில் அவளுக்குப் பிடிக்கும் என்று சீத்தாப்பழம் பார்த்தேன். சீசன் இல்லை.

பிப்ரவரி 4

ஆரம்பித்துவிட்டோம். 739391339-ஐ மேலே எழுதினேன். ஏழால் நான் வகுக்க வகுக்க, அவள் ஒவ்வொரு இலக்கத்தையும் சொல்ல வேண்டும் என்பது ரெஹானாவின் ஏற்பாடு. முதலில் தடுமாறினாள். "ஒண்ணு" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "அது" என்றாள். கடைசியில் மீதி ஒன்று. அதைச் சரியாகச் சொன்னாள்.

பதினொன்றால் வகுத்ததில் மீதி ஐந்து. அதோடு களைத்துவிட்டாள். ஒரு நாளைக்கு இரண்டு போதும்.

பிப்ரவரி 12

இடது கையால் பேனாவைப் பிடித்து ஒரு 3 போட்டாள். ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் மூன்று. அதை நான் அழிக்கவில்லை. பலகையின் ஓரத்தில் இருக்கிறது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடந்தாள். ராக்கம்மா பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டே போனாள், கோழி பிடிக்கப் போகிறவள் மாதிரி. இந்த முறை மங்கையே சிரித்தாள்.

பிப்ரவரி 17, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. அவளுக்கு வயிறு சரியில்லை. மூன்று முறை துணி மாற்றினேன். ஒவ்வொரு முறையும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள். நான் சத்தமாகப் பகா எண்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே துடைத்தேன். 59-க்கு அப்புறம் வேண்டுமென்றே 63 என்றேன். கண்ணைத் திறக்காமலே "வேணாம்" என்றாள். பிறகு, "அறுபத்தொண்ணு."

பிப்ரவரி 26

முதுகு வலி. டாக்டர் கனமானதைத் தூக்கக் கூடாது என்கிறார். ஏப்ரல் வந்தால் சரியாகிவிடும்.

மார்ச் 6

சாம்பல் புதன். காலையில் கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு வந்தேன். மங்கை சுட்டு விரலை நீட்டிக் கேட்டாள். என் நெற்றியிலிருந்து கொஞ்சம் எடுத்து அவள் நெற்றியில் வைத்தேன். அவள் பழக்கத்தில் அதைத் திருநீறு மாதிரி மூன்று விரலால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மத்தியானம் 181. நான்தான் வகுத்தேன். கடைசி வரியில் மீதி பூஜ்யம் வந்தது. இன்னொரு முறை பார்த்தேன், பூஜ்யம்தான். அப்படியானால் அந்த எண் வகுபட்டுவிட்டது, ஒன்பதாவது இலக்கம் கிடையாது, எட்டோடு கதை முடிந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே, இத்தனை வருஷமாகத் தெரியாதது தெரிந்துவிட்டது. எனக்கோ பேனாவை மூடக்கூடக் கை வரவில்லை. முடிஞ்சு போச்சு மங்கை, என்று சொன்னேன்.

அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம். பிறகு இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு, இடது கையை நீட்டி நடுவில் ஒரு கழித்தலைத் தட்டினாள். நான் கடனெடுக்க மறந்திருந்தேன். "நாலு" என்றாள்.

திருத்திப் போட்டேன். மீதி நாலு. வகுபடவில்லை.

ராக்கம்மாவிடம் சொல்லி நல்ல டிகாஷனாகக் காபி போடச் சொன்னேன். தவக்காலத்தில் காபி விடுவதாக நேர்ந்திருந்தேன். நாளையிலிருந்து விடலாம்.

மார்ச் 14

பரிதி பேசினான். கோயம்புத்தூரில் ஏப்ரல் இரண்டாம் வாரம் இடம் தயார், வண்டியும் நர்ஸும் அவர்களே அனுப்புவார்களாம். நல்லது என்றேன்.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று போனில் முகம் பார்க்கக் கேட்டான். காட்டினேன். மங்கைக்கு அவனைக் கண்டதும் பரபரப்பு. என்னென்னவோ சொல்ல முயன்று ஒன்றும் வராமல், "ஏழு, மூணு, ஒம்பது" என்று ஆரம்பித்துவிட்டாள். அவன் முகம் விழுந்துவிட்டது. என்னைத் தனியாகப் பேசக் கூப்பிட்டான்.

"ஆன்ட்டி, போன தடவையும் இதேதான் சொன்னாங்க. இங்க எனக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட கேட்டேன். அர்த்தமில்லாம ஒரே நம்பரைத் திருப்பித் திருப்பிச் சொல்றது நல்லதில்லங்கிறார். நினைவும் போயிட்டு இருக்கலாமாம். நீங்க எவ்வளவுதான் பார்ப்பீங்க?"

பாதியில் லைன் கட்டாகிவிட்டது. இங்கே நெட் சரியில்லை.

மார்ச் 15

நெட் நன்றாகத்தான் இருக்கிறது. நான்தான் கட் செய்தேன்.

மார்ச் 22

கோயம்புத்தூர் விஷயத்தை மங்கையிடம் இன்னும் சொல்லவில்லை. அங்கே தோட்டமெல்லாம் இருக்கிறதாம். இருபத்து நாலு மணி நேரமும் நர்ஸ். என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு பலகை. என் முதுகு வேறு. அவன் சொல்வதில் தப்பில்லை. மகன் சொல்வதை மீறி ஒரு சிநேகிதி என்ன பேச முடியும், எந்த உரிமையில்?

புடவைகளை அயர்ன் செய்து வைத்தேன், பெட்டியில் வைக்கச் சுலபமாக இருக்கும்.

மார்ச் 29

ரெஹானா வந்த நேரத்தில் மங்கை பெட்டியைப் பார்த்துவிட்டாள். அதைக் காட்டி என்னிடம் "அது?" என்றாள். இனிச் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னேன். கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்றைக்கு வகுக்கவும் இல்லை. பேனாவைக் கொடுத்தால் வாங்கவில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது ரெஹானா சொன்னாள், பரிதிக்கு அந்த எண்ணைப் பற்றி எதுவுமே தெரியாதே டீச்சர், என்னிடம் சொன்ன மாதிரி அவரிடமும் நீங்கள் சொல்ல வேண்டாமா என்று. கும்பகோணம் வீட்டுக்கு நான் வருஷத்துக்கொரு முறை போவேன். சாப்பிடுவோம், குழந்தையைப் பற்றிப் பேசுவோம், ஆலையைப் பற்றிப் பேசுவோம். அந்த எண்ணை அங்கே ஒருநாளும் நாங்கள் எடுத்ததில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்?

ஏப்ரல் 3

இன்றைக்கும் பேனாவை வாங்கவில்லை. கஞ்சி பாதி.

ஏப்ரல் 7, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பூசை முடிந்து வந்ததும் நானே பரிதியைக் கூப்பிட்டேன். போனைப் பலகைக்கு எதிரே சாய்த்து வைத்தேன், மங்கையும் தெரிகிற மாதிரி. அவனிடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆரம்பித்தேன். உன் அம்மா ஒரு பஸ்ஸின் எண்ணைக் கையால் மறைத்துக் கண்டக்டரிடம் திட்டு வாங்கினாள் என்றேன். அவன் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு வேலையே கம்ப்யூட்டரில்தான். அம்மா சொல்லும் எண்ணைப் போட்டு, பகா எண்ணா என்று பார் என்றேன்.

தட்டும் சத்தம் கேட்டது. "ஆமா ஆன்ட்டி, பகா எண்தான்."

கடைசி இலக்கத்தை எடுத்துவிட்டுப் பார்க்கச் சொன்னேன். அதுவும் என்றான். இன்னொன்றை எடு. அதுவும். அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனாகவே தட்டிக்கொண்டு போனான். 7393. 739. 73. 7. போன் திரையில் அவன் முகம் கிட்டே வந்தது. யார் கண்டுபிடித்தது என்று கேட்டான்.

"உங்கம்மா. நீ பொறக்கறதுக்கு முன்னாடி. ஆயிரம் தடவைக்கு மேல வகுத்துப் பார்த்தோம், ரெண்டு பேரும். அவ உளறல பரிதி. உன்கிட்ட சொல்ல அவகிட்ட இப்ப இருக்கிறது அது ஒண்ணுதான். அதைத்தான் சொல்றா."

நான் விடாமல் பலகையைக் காட்டி, இப்போது ஒன்பதாவது இலக்கத்தில் நிற்கிறோம், கடைசியில் ஒன்பது போட்டால் நிற்குமா என்று தெரியாது, நான் தப்புப் போட்ட இடத்தை அவள்தான் பிடித்தாள் என்றெல்லாம் சொன்னேன். அவன் கை தானாகவே தட்ட ஆரம்பித்துவிட்டது. பழக்கம். புருவம் உயர்ந்தது.

"ஆன்ட்டி, அது வந்து..."

"சொல்லாத."

நான் சொல்லவில்லை. ரேடியோவில் யாரோ பேசியதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். மங்கை இடது கையைக் கட்டிலில் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கோபமாக இருந்தாள். அந்தக் கோபம் எனக்குத் தெரியும். கணக்கின் விடையைப் பக்கத்திலிருப்பவள் முந்திச் சொன்னால் வருகிற கோபம்.

"அம்மா?" என்றான் பரிதி.

அவள் வாய் வேலை செய்தது. நேரமாயிற்று. ரெஹானா சொல்லியிருந்த மாதிரி நான் உதவிக்குப் போகாமல் இருந்தேன்.

"சொல்லாத... பரிதி."

டிசம்பருக்குப் பிறகு அவன் பெயரை அவள் சொன்னது இதுதான் முதல் தடவை. அவன் கண்ணாடியைக் கழற்றினான். திரையில் கொஞ்ச நேரம் அவன் தலைமுடி மட்டும் தெரிந்தது. அவன் மனைவி பின்னாலிருந்து வந்து என்ன என்று கேட்டது காதில் விழுந்தது.

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சொல்லலம்மா. யாருகிட்டயும் சொல்லல" என்றான். "நீ எங்கம்மா இருக்கே? கோயம்புத்தூர் போறியா, ஆன்ட்டி வீட்லயே இருக்கியா?"

"இங்க" என்றாள். அதற்கு நேரமே எடுத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 8

பெட்டியைப் பரண் மேல் ஏற்றினேன். முதுகு வலிக்கவில்லை.

ஏப்ரல் 10

பரிதி தினமும் பேசுகிறான். பகலுக்கு ஒரு நர்ஸ் வைக்க ஏற்பாடு செய்திருக்கிறான், வேண்டாமென்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஜூனில் வருகிறானாம். பலகையில் எங்கே நிற்கிறோம் என்று தவறாமல் கேட்கிறான். சொன்னால், "சரி, போங்க போங்க" என்கிறான். அவன் முகத்தைப் பார்த்து விடையைக் கண்டுபிடித்துவிடுவேனோ என்று அந்த நேரத்தில் நான் போனைப் பார்ப்பதில்லை.

ஏப்ரல் 21

ஈஸ்டர். ராக்கம்மா பேரப்பிள்ளைகளோடு வந்து பிரியாணி சாப்பிட்டுப் போனாள். மங்கை "உப்பு" என்றாள். உண்மைதான், கம்மி.

மே 5

வெயில் நூற்றாறு டிகிரி. வார்த்தைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. "ஜன்னல்." "போதும்." "கரண்ட்." நேற்று "பிலோ" என்று இரண்டு முறை. ஒரு முறை காபிக்கு, ஒரு முறை காரணமில்லாமல். இரண்டு சேர்ந்து வருவதுதான் கஷ்டம். மூன்று சேர இன்னும் மாதங்கள் ஆகலாம் என்கிறாள் ரெஹானா.

மே 19, ஞாயிறு

சாயந்திரம் ஒரு மழை அடித்து ஓய்ந்தது. வீட்டுக்குள் இன்னும் புழுக்கமாக இருந்ததால் இருவரும் பின்கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தோம். பலகை என் மடியில். 311-ஆல் வகுத்து முடித்தேன். மீதி முப்பத்தைந்து. போக வேண்டியது இருபத்தேழாயிரம் வரைக்கும். நாம இதை முடிக்கறதுக்குள்ள கிழவி ஆயிடுவோம் மங்கை என்று சொன்னேன். சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ தேடுகிற முகம். நான் காத்திருந்தேன்.

"கல்யாணத்துக்கு" என்றாள்.

யார் கல்யாணத்துக்கு என்று கேட்டேன். பரிதியின் மகளுக்கு இப்போதுதான் ஏழு வயது.

தலையை ஆட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "கல்யாணத்துக்கு... ஏன்... வரல?"

மூன்று வார்த்தை. ரெஹானா கேட்டிருந்தால் குதித்திருப்பாள். எனக்கு முதலில் அதுதான் தோன்றியது, மூன்று சேர்ந்து வந்துவிட்டதே என்று. கேள்வி அப்புறம்தான் வந்து சேர்ந்தது.

காய்ச்சல் என்று அப்போதே தந்தி கொடுத்தேனே, என்றேன்.

மங்கை தலையை ஆட்டினாள். கழித்தலில் தப்புப் போட்ட அன்றைக்கு ஆட்டிய அதே மாதிரி.

பலகையில் இருந்ததை அழித்தேன். அழித்த இடத்தையே திரும்ப அழித்தேன். தாழ்வாரத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது. என்னால பார்த்திருக்க முடியாது மங்கை, என்று சொன்னேன். அதற்கு மேல் எனக்கும் வார்த்தை வரவில்லை. எனக்கு எந்த வாதமும் வராமலே வரவில்லை.

அவள் இடது கையை நீட்டினாள். பேனாவுக்கு என்று நினைத்துக் கொடுத்தேன். அதை வாங்கி மடியில் வைத்துவிட்டு மறுபடியும் கையை நீட்டினாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி நன்றாகவே இருந்தது.

"தெரியும்" என்றாள்.

என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. எப்போதிலிருந்து என்றும் கேட்கவில்லை. இருட்டும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். கொசு கடிக்க ஆரம்பித்ததும், விளக்கைப் போட எழுந்தேன்.

திரும்பி வந்தபோது அவள் பலகையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கோணலாக, தானாகவே 313 என்று எழுதியிருந்தாள்.